ஒன்பது நாள் ஓடின வண்டி

உக்காருங்க தம்பி. உங்க மெக்கானிக் நிதானமாப் பாத்துட்டு வரட்டும். அடியில படுத்துக்கூடப் பாக்கச் சொல்லுங்க. எஞ்சின்ல ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. நான் தாராபுரத்துல இருபத்தாறு வருசமா பம்ப்செட் கடை வெச்சிருக்கேன், மோட்டார் சத்தத்தை வெச்சே அது நோவாளியா, திடகாத்திரமான்னு சொல்லிப்புடுவேன். இது திடகாத்திரமுங்க.

நீங்க போன்ல நம்பரைப் போட்டுப் பாத்திருப்பீங்க. பாக்கலையா? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குப் பாப்பீங்க. அதனால நானே சொல்லிடறேன். எதையும் மறைச்சு விக்கற ஆள் இல்லீங்க நான். இந்த வண்டி ஒருதரம் திருட்டுப் போச்சு. ஒம்பது நாள் கழிச்சுக் கிடைச்சுச்சு. கேஸெல்லாம் முடிஞ்சிருச்சு, கோர்ட் உத்தரவு கையில இருக்கு, ஆர்டிஓ ஆபீஸ்ல போட்டிருந்த தடையையும் எடுத்தாச்சு. பேப்பர் சுத்தம்.

ஆனா பேப்பர் சுத்தமா இருந்து என்னங்க பண்றது? திருப்பூர்ல பழைய கார் வாங்கி விக்கறவர்கிட்டத்தான் முதல்ல கொண்டுபோனேன். சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஓட்டிப் பாத்தாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அப்பறம் போனை எடுத்து என்னமோ தட்டினாரு. சிரிப்பு போயிருச்சு.

"ஏனுங்ணா, திருட்டுக் கேஸ்ல இருந்த வண்டியா இது?"

"ஆமாங்க, அது முடிஞ்சு போச்சு."

"உங்களுக்கு முடிஞ்சுதுங்ணா. வாங்கறவனுக்கு இனிமேத்தான் ஆரம்பம். நாளைக்கு எங்கியாச்சும் ஒரு செக்போஸ்ட்ல நிறுத்தி ஒரு கேள்வி கேட்டா எங்கிட்டத்தான் வந்து நிப்பான். பாதி விலைன்னா விட்டுட்டுப் போங்க."

விட்டுட்டுப் போங்களாம். கோயில் வாசல்ல செருப்பை விடற மாதிரி. அதே வருசம், அதே மாடல், என்னுதை விட இருபதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடின வண்டி அங்கியே நின்னுச்சு, அதுக்கு முழு விலை எழுதி ஒட்டியிருந்துச்சு. அது ஒருத்தனும் தொடாத வண்டி. இது அடுத்தவன் கை பட்ட வண்டி. திருடினவன் எவனோ. தண்டனை எனக்கு.

எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? காங்கேயத்துல ஒரு கல்யாணமுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை. நானும் கலாமணியும் போயிருந்தோம். கலாமணி என் சம்சாரம். மண்டபத்துக்கு எதிர்க்க வரிசையா நிறுத்தியிருந்தாங்க, நானும் நிறுத்தினேன். பூட்டினேன். ரெண்டு சாவியும் எங்கிட்ட இருக்கு, இன்சூரன்ஸ்காரங்க கேட்டப்போ ரெண்டையும் எடுத்து வெச்சேன். சாப்பிட்டு, மொய் வெச்சு, வெத்தலை போட்டுக்கிட்டு வெளிய வந்தா, என் வண்டி நின்ன எடத்துல ஒரு மொபெட் நிக்குது. எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாச்சு. நான் வேற பக்கம் நிறுத்தினேனோன்னு தெருவை ரெண்டு தரம் சுத்தி வந்தேன். கலாமணி பட்டுச்சேலையோட வெயில்ல நின்னுக்கிட்டு, "ஏனுங்க, போலீசுக்குப் போலாமுங்க"ன்னா.

போனோம். எழுதிக் கொடுத்தோம். அவுங்களும் மரியாதையாத்தான் பேசினாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மோகனசுந்தரம் வூட்டுக்கு வந்தான். ஒறம்பரைப் பையன்தான், மாமான்னுதான் கூப்பிடுவான். "மாமா, கவலையே படாதீங்க. கண்டுபுடிக்க முடியலைன்னு போலீஸ்ல ஒரு சர்டிபிகேட் தருவாங்க. அது வந்துட்டா முழுத் தொகையும் உங்க கைக்கு வந்துரும். புது வண்டியே எடுத்துக்கலாம்"னான். அப்பறம் குரலைக் கொறைச்சுக்கிட்டு, "கிடைச்சாத்தான் மாமா உங்களுக்கு நட்டம். அடிபட்டு, கேஸ்ல மாட்டி, ஸ்டேஷன்ல நின்னு துருப்புடிச்சு வரும். திருட்டு வண்டின்னு பேர் விழுந்துட்டா ஒருத்தனும் தொடமாட்டான்"னான்.

அவன் சொன்னது அத்தனையும் நடந்துச்சு பாருங்க. அட்சரம் மாறலை.

ஒம்பதாம் நாள் கிடைச்சுச்சு. செவ்வாக்கிழமை மத்தியானம். அரவக்குறிச்சி தாண்டி மூணாங்கல்பட்டின்னு ஒரு ஊருங்க, அதுக்கு அக்கட்டால ஒரு சீமைக்கருவேலங்காட்டுல விட்டுட்டு ஓடியிருக்கானுக. ரெண்டு பசங்க. ஆடு திருடறவனுக. என் வண்டியில ஆட்டைத் திருடிப் போட்டுக்கிட்டுப் போய்ச் சந்தையில வித்திருக்கானுக. பின்சீட்டைப் பாக்கணுமே, புழுக்கையும் மூத்திரமுமா. அதெல்லாம் கழுவிட்டனுங்க, சீட்டே புதுசு. நீங்க கவலைப்படாதீங்க.

முன்னாடிப் பக்கம்தான் கொஞ்சம் வேலை இருந்துச்சு. இடதுபக்க லைட்டு, பம்பர், கண்ணாடி. பானெட்டும் மாத்த வேண்டியதாப் போச்சு.

அடிபட்டிருந்துச்சுங்க. இல்ல, அடிச்சிருந்துச்சு. ஒரு பொம்பளை. சிவபாக்கியம்னு பேரு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறவங்க. அன்னைக்கு முட்டை பத்தலைன்னு பக்கத்து ஊர் மையத்துல போய் வாங்கிக்கிட்டு மொபெட்ல வந்திருக்காங்க. காத்தால எட்டே முக்கால் மணி. நல்ல வெளிச்சம். இவனுக சந்தையில இருந்து திரும்பி வந்த வேகம் அப்படி.

நான் வண்டியைப் பாக்கப் போனது மறுநாள். அரவக்குறிச்சி ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தியிருந்தாங்க. வெள்ளை வண்டியில பானெட் மேல, கண்ணாடி மேல, வைப்பர் இடுக்கெல்லாம் மஞ்சளா என்னமோ காஞ்சு ஒட்டியிருந்துச்சு. எனக்கு என்னன்னு தெரியலை. நகத்துல சொரண்டினேன். ஏட்டய்யா பாத்துட்டு, "முட்டைங்க அது. அறுபத்தி ரெண்டு முட்டை"ன்னாரு. ரத்தமா இருந்திருந்தாக்கூட எனக்கு அப்படி ஆயிருக்காதுங்க. கையைக் கழுவிட்டு வந்து வெளிய நின்னுக்கிட்டேன்.

அப்பறம் நாலு மாசம் அங்கியே வெயில்ல நின்னுச்சு. முட்டை பெயிண்டைத் தின்னுரும், தெரியுமுங்களா? அடி வரைக்கும் தின்னுருச்சு. கோயமுத்தூர்ல குடுத்து முழுசாச் சொரண்டிப் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். மூந்து பாருங்க, ஒரு வாடையும் வராது. பெயிண்டர் மூந்து பாத்தான், வாட்டர் சர்வீஸ் பையன் மூந்து பாத்தான், ஒண்ணும் இல்லைங்கறாங்க. எனக்கு மட்டும் ஏசியைப் போட்டா வரும். மனப்பிராந்திதான். வாங்கறவங்களுக்கு வராது.

கலாமணி அந்த வண்டியில ஏறமாட்டா. கிடைச்ச நாள்ல இருந்து ஒரு தரம்கூட ஏறலை. கோயிலுக்குப் போனாலும், டாக்டர்கிட்டப் போனாலும் பஸ்ஸுதான். நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போய் பஸ் ஸ்டாண்டுல காத்துக் கிடப்பேன். பேய்ப் பயம்னு நினைச்சுக்கிட்டேன். பொம்பளைகதானேங்க. தாயத்து கட்டினேன், எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினேன். "அதெல்லாம் எதுக்குங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

கேஸ் முடியற வரைக்கும் விக்கக் கூடாதுன்னு கோர்ட்ல எழுதிக் கொடுத்துத்தான் வண்டியை வெளிய எடுத்தேன். கேஸ் முடிய கிட்டத்தட்ட ரெண்டு வருசம் ஆச்சு. மூணு மாசத்துக்கு முன்னாலதான் உத்தரவு வந்துச்சு. திருப்பூர்க்காரர் அப்படிச் சொன்னாரா? சரி, நேரடியாப் பார்ட்டிக்கே குடுத்துக்கலாம்னு விளம்பரம் போட்டேன். ஈரோட்டுல இருந்து ஒரு பேங்க் ஆபீசரும் அவுங்க வூட்டுக்காரம்மாவும் வந்தாங்க. இதே எடத்துலதான் உக்காந்தாங்க. திருட்டுக் கேஸ் பரவால்லைன்னாங்க. விலையும் ஒத்துக்கிட்டாங்க. அட்வான்ஸை எடுத்து இந்த டீப்பாய் மேல வெச்சுட்டாங்க தம்பி. நான் என்ன பண்ணினேன், நேர்மையா நடந்துக்கணுமில்லையா, சிவபாக்கியம் அம்மாளைப் பத்திச் சொன்னேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. அட்வான்ஸை எடுத்துப் பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்பறம் வெள்ளகோயில்ல இருந்து ஒருத்தர். பல்லடத்துல இருந்து ஒருத்தர். எல்லாரும் இப்படித்தான். திருட்டுக் கேஸ்னு ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா சனங்க மிரளுறாங்க.

கலாமணி ஒரு நாள் கேட்டா, "வர்றவங்ககிட்டயெல்லாம் எதுக்கு அதைச் சொல்றீங்க?"

"நேர்மை வேண்டாமா?"

"சொல்ல வேண்டிய எடம் வேறங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

இல்லீங்க, அவ சொல்றதுல ஒரு விசயம் இருக்கு. நீங்க என்னைத் தப்பா நினைக்கக்கூடாது. நான் ஒரு தப்பும் பண்ணலை. நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

பாஸ்டேக் இருக்கில்லைங்களா, டோல்கேட்டுக்குக் கண்ணாடியில ஒட்டறது. அந்த மடப்பசங்க அதைப் பிக்கலை. வண்டி டோல்கேட் தாண்டினா மெசேஜ் வருமில்ல, அது கலாமணி போனுக்குத்தான் வரும். நான் அவ நம்பரைத்தான் குடுத்திருந்தேன்.

திருட்டுப் போய் ரெண்டு நாள் கழிச்சு, செவ்வாக்கிழமை, காத்தால ஆறு பத்துக்கு வந்துச்சு. அவ அடுப்படியில இருந்து ஓடியாந்தா. "ஏனுங்க, நம்ம வண்டி ஓடுதுங்க! அரவக்குறிச்சிக்கிட்ட டோல்கேட் தாண்டியிருக்குங்க!" புள்ளை கிடைச்ச மாதிரி சந்தோசம் அவளுக்கு. நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன். "சரி, கடைக்குப் போறப்ப நம்மூர் ஸ்டேஷன்ல சொல்லிடறேன்"னேன்.

சொல்லலாம்னுதான் போனேன். ஸ்டேஷன் வாசல்ல வண்டியை, கடைப் பையனோட பைக்குதான், அதை ஸ்லோ பண்ணினேன். கூட்டமா இருந்துச்சுங்க. அது போக, போலீசுக்கு இதெல்லாம் தெரியாமயா இருக்கும்? எல்லாம் கம்ப்யூட்டர்தானே? அவுங்களுக்குத் தெரியாதது எனக்கா தெரிஞ்சிரப்போகுது? மோகனசுந்தரம் சொன்னது ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. போயிட்டேன்.

சனிக்கிழமை, அதே ஆறு மணி சுமாருக்கு, அதே டோல்கேட், ரெண்டாவது மெசேஜ். கலாமணி ரோசனை பண்ணிச் சொன்னா, "செவ்வாயும் சனியும் போறானுங்க. அந்தப் பக்கம் சந்தை நாளா இருக்குமுங்க. அடுத்த செவ்வாய் ரெண்டு போலீஸ்காரங்க அங்க நின்னாப் போதுமுங்க. புடிச்சிரலாம்." எட்டாவது படிச்சவ தம்பி அவ. உக்காந்த எடத்துல கண்டுபுடிச்சா. "அன்னைக்கே சொல்லிட்டீங்கல்ல?"ன்னு கேட்டா.

சொல்லிட்டேன்னுதான் சொன்னேன்.

மூணாவது மெசேஜ் அந்தச் செவ்வாக்கிழமை வந்துச்சு. ஆறு எட்டு. அவ போனைக் கொண்டாந்து எங்கிட்டக் காட்டினா. "போலீஸ் அங்க நிப்பாங்கல்லங்க?"ன்னா. "நிப்பாங்க நிப்பாங்க"ன்னேன். இட்லி சாப்பிட்டேன். நாலு இட்லி. பேப்பர் படிச்சேன். எட்டரைக்குக் கடையைத் திறந்தேன். எட்டே முக்காலுக்கு என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு அடிக்கடி ரோசனை பண்றதுண்டு. பைப்புக்கு ஒருத்தர் வந்தாரு, அவருக்கு அளந்து அறுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அதுதான் ஞாபகம் வருது. அறுக்கற சத்தம்.

மத்தியானம் ஸ்டேஷன்ல இருந்து, "உங்க வண்டி கிடைச்சிருச்சு"ன்னு போன் வந்தப்போ எனக்குள்ள முதல்ல என்ன வந்துச்சு தெரியுமுங்களா? போச்சேன்னு வந்துச்சு. முழுத் தொகையும் போச்சேன்னு. அந்தம்மா விசயம் அப்பறம்தான் சொன்னாங்க. அது தெரியாம வந்த நினைப்புதானேங்க அது? தெரிஞ்சிருந்தா வந்திருக்குமா?

இன்ஸ்பெக்டர் கேட்டாரு, "பாஸ்டேக் மெசேஜ் எதுவும் வரலையா?" "பழைய நம்பரைக் குடுத்திருந்தேனுங்க, அது இப்ப இல்லை"ன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான், அப்பறம் யாரும் கேக்கலை. கலாமணி பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா. கைப்பைக்குள்ள போனோட.

அதுக்கப்பறம்தான் அவ வண்டியில ஏறறதில்லை.

இப்பவும் செவ்வாக்கிழமை காத்தால ஆறு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துரும். அவ போன் சத்தம் குடுத்தா நான் எந்திரிச்சுப் போய் ஷெட்டைப் பாப்பேன், வண்டி நிக்குதான்னு. நிக்கும். கேஸ் சிலிண்டர் மெசேஜா இருக்கும். ஆனாலும் போய் பானெட்டைத் தொட்டுப் பாப்பேன். ஒரு தரம் சூடா இருந்த மாதிரி இருந்துச்சு. நான் எடுக்கவே இல்லை அன்னைக்கு. வெயிலடிச்சிருக்கும்னு வெச்சுக்குங்க. ஆறு மணிக்கு ஏது வெயில்னு கேக்காதீங்க.

நஷ்டஈட்டுக் கேஸ்ல எனக்கும் நோட்டீஸ் வந்துச்சு. வண்டி ஓனர்தான் முதல் எதிர்மனுதாரராம். கரூர் கோர்ட்டுக்குப் போனேன். வராந்தாவுல பெஞ்சில உக்காந்திருக்கேன், ஒரு அம்மிணி வருது. இருபது வயசு இருக்கும். ரெண்டு கையிலயும் டீ. ஒண்ணை எங்கிட்ட நீட்டுச்சு.

"அய்யா, நீங்கதானே வண்டிக்காரரு? நான் சிவபாக்கியம் மகளுங்கய்யா. ரேணுகாதேவி."

எனக்கு டீயை வாங்கறதா வேண்டாமான்னு தெரியலை. வாங்கிட்டேன்.

"உங்க மேல எங்களுக்குக் கோவமே இல்லீங்கய்யா. வக்கீல் சொன்னாருன்னுதான் உங்க பேரையும் போட்டிருக்கோம். உங்க பொருளையும்தானே திருடிக்கிட்டுப் போனாங்க. நீங்களும் அலையறீங்க."

டீயை ஒரு மடக்கு குடிச்சேன்.

"அந்த ஒம்பது நாளும் எங்கெங்க சுத்துச்சோ. ஒருத்தர் கண்ணுலகூடப் படாமப் போயிருச்சே, பாருங்கய்யா. பட்டிருந்தா எங்கம்மா இருந்திருக்கும்."

"ஆமா அம்மிணி"ன்னேன்.

வேற என்னங்க சொல்றது? அந்த எடத்துல சொன்னா ஆச்சா? டீயைக் குடுத்துட்டு நிக்குது புள்ளை. அதுக்கு அப்பன் முன்னமே இல்லை. நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்தது, பாதியில நிறுத்திட்டு அம்மா பாத்த வேலைக்கே எழுதிப் போட்டிருக்குதாம். என் நம்பரைக் கேட்டுச்சு. குடுத்தேன். சரியான நம்பரைத்தான் குடுத்தேன்.

போன மாசம் அந்த அம்மிணி போன் பண்ணுச்சு. "அய்யா, அம்மாவுக்கு ரெண்டாம் வருசத் திதி. நீங்க கட்டாயம் வரோணும்"னு. நான் கலாமணிகிட்டச் சொன்னேன். அவ முகத்துல ரெண்டு வருசத்துக்கு அப்பறம் ஒரு தெளிச்சி வந்துச்சு தம்பி. "போயிட்டு வாங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னா. என் வேட்டியை அவளே எடுத்துக் குடுத்தா. பஸ்ஸுல போனேன். வழி நெடுக மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். மூணு மெசேஜ் வந்துச்சு அம்மிணி, நான் சொல்லலை. இத்தனைதான். பெரிய பேச்சு ஒண்ணும் இல்லை.

பந்தல் போட்டிருந்தாங்க. ஒரு போட்டோ, அதுக்கு மாலை. பாத்தேன். நல்ல கறுப்பு, பெரிய பொட்டு, சிரிச்ச முகம். அந்த அம்மிணி ஓடியாந்து என் கையைப் புடிச்சுக் கூட்டிப்போய் எல்லாருக்கும் காட்டுச்சு. "இவருதான் அந்த வண்டிக்காரய்யா. நம்மளை மாதிரித்தான் இவருக்கும். அநியாயம் நடந்துச்சு, கேக்க நாதியில்லை." சனங்க எல்லாம் எனக்குக் கும்பிடு போட்டாங்க. ஒரு பெரியவர் எந்திரிச்சு அவர் நாற்காலியைக் குடுத்தாரு. வழியில சொல்லிப் பாத்துக்கிட்டு வந்த அந்தப் பேச்சு மறக்கலை. அத்தனை பேர் கும்பிடறப்போ எப்படிங்க எடுக்கறது அதை? அப்பறம் சொல்லலாம், தனியாச் சொல்லலாம்னு இருந்தேன். முதல் பந்தியில உக்கார வெச்சுட்டாங்க. அந்த அம்மிணியே பரிமாறுச்சு. கிளம்பறப்போ பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்திவிட்டுச்சு. "அடுத்த வருசமும் வாங்கய்யா"ன்னுச்சு.

வூட்டுக்கு வந்தேன். கலாமணி கேட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தா. என் முகத்தைப் பாத்தா. சொல்லியாச்சான்னு கேக்கலை. தெரிஞ்சுக்கிட்டா.

"அங்க இலையில உக்காந்து சாப்பிட்டீங்களா?"ன்னா.

சாப்பிட்டேன்னேன். சாப்பிடாம எந்திரிச்சா அந்தப் புள்ளை மனசு என்ன பாடுபடும், சொல்லுங்க? ரசத்துக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினேன். அதை அவகிட்டச் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன். நெம்பப் பசிச்சுது தம்பி, அன்னைக்கு மாதிரி எனக்கு ஒரு நாளும் பசிச்சதில்லை. அன்னையில இருந்து கலாமணி எங்கிட்டப் பேசறதில்லீங்க.

உங்க மெக்கானிக் வந்துட்டாரு பாருங்க. என்ன சொல்றாரு? நல்லா இருக்குங்கறாரா? நான்தான் சொன்னேனே.

என்னுங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? இருங்க. விலையைப் பத்தி நாம இன்னும் பேசவே இல்லையே.